சர்க்கரைக்கு ஏற்றுக்கூலி கொடுப்பது யார்?

கேள்வி கேட்டவர் அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு. அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்: "இலைச் செல்லில் சுக்ரோஸ், அதாவது நாம் சாப்பிடும் சர்க்கரை, குறைவு, அதைச் செடி முழுக்க எடுத்துப்போகும் சல்லடைக் குழாயில் அதிகம் என்று புத்தகம் சொல்கிறது. குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு அது எப்படிப் போகும்? 'ஆற்றலைச் செலவழித்து ஏற்றப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஆற்றல் எங்கே, எதற்காகச் செலவாகிறது? எங்கள் தோட்டத்துக் கரும்பிலும் இப்படித்தான் நடக்கிறதா?"

நல்ல கேள்வி. பல வருஷம் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வரியைத் தாண்டிக் கேட்டவர்கள் குறைவு.

முதலில் நேரடியான பதில். செடி, சர்க்கரையைத் தள்ளுவதற்கு ஆற்றலைச் செலவழிப்பதில்லை. புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, செல்லுக்கு வெளியே தள்ளுவதற்குத்தான் செலவழிக்கிறது. வெளியே போன புரோட்டான் திரும்ப உள்ளே வரத் துடிக்கும். அப்படி வரும்போது ஒரு சுக்ரோஸையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கூலி வாங்குகிற பம்பு சர்க்கரையைத் தொடுவதே இல்லை. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சரி, இப்போது கொஞ்சம் நிதானமாக.

ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள். இதில் அதிகம் ஆராயப்பட்ட செடிகளில் ஒன்று சர்க்கரைக் கிழங்கு, அதாவது பீட்ரூட்டின் வெள்ளைச் சகோதரன். அதன் இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் செல்களின் சவ்வூடு அழுத்தம், அதாவது கரைந்த பொருளால் தண்ணீரை இழுக்கும் வலு, சுமார் 13 வளிமண்டல அளவு. பக்கத்திலேயே, சில செல்கள் தள்ளி இருக்கும் சல்லடைக் குழாயிலும் அதை ஒட்டியிருக்கும் துணைச் செல்லிலும் அது சுமார் 30. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சர்க்கரையால் வருவது. சல்லடைக் குழாய்ச் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்குவரை சர்க்கரை இருக்கும். நீங்கள் குடிக்கிற காபியைவிட நல்ல இனிப்பு. சும்மா பரவினால் சர்க்கரை குழாயிலிருந்து இலைக்குத்தான் திரும்ப வரவேண்டும். வருவதில்லை.

அந்தக் குழாயே ஒரு வினோதமான செல். முதிர்ந்த பிறகு அதில் உட்கரு கிடையாது, சாறு நிறைந்த பெரிய நுண்குமிழும் (வாக்குவோல்) கிடையாது. வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு வெறும் கூடமாக வைத்திருப்பதுபோல. சாறு தடையில்லாமல் ஓடவேண்டும் அல்லவா? அதன் சமையல், கணக்கு வழக்கு எல்லாம் பக்கத்துத் துணைச் செல் பார்த்துக்கொள்கிறது. துணைச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்ற மின்நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவ்வளவு மின்சாரம் எதற்கு என்றால், அந்தப் பம்புக்குத்தான்.

இலைச் செல்லில் தயாரான சுக்ரோஸ், செல்லுக்குச் செல் இருக்கும் நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக நரம்பின் ஓரம்வரை வருகிறது. பிளாஸ்மோடெஸ்மாட்டா என்று படித்திருப்பீர்கள். இதுவரைக்கும் செலவில்லை. நரம்போரச் செல்லிலிருந்து அது செல்லுக்கு வெளியே, சுவர்களுக்கு நடுவில் உள்ள ஈரவெளிக்கு இறங்குகிறது. அந்தக் கதவுக்கு ஸ்வீட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் குசும்பு உண்டு. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஸ்வீட் 11, ஸ்வீட் 12 ஆகிய இரண்டும் இந்த வேலையைச் செய்கின்றன என்று 2012இல் காட்டினார்கள். இதற்கும் ஆற்றல் வேண்டாம், பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் ஓடுவதுபோல இறங்கும்.

கடைசிப் படிதான் ஏற்றம். துணைச் செல்லின் சவ்வில் புரோட்டான் பம்பு உட்கார்ந்திருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றை உடைத்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளுகிறது. ஓயாமல் தள்ளுவதால் வெளியே உள்ள ஈரவெளி அமிலமாகிறது. அதன் பிஎச் சுமார் 5.5. உள்ளே 7க்குச் சற்று மேல். அதோடு நேர்மின்னூட்டம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொள்கிறது, சுமார் 150 மில்லிவோல்ட். ஆக வெளியே நிற்கும் புரோட்டானை இரண்டு காரணங்கள் உள்ளே இழுக்கின்றன: உள்ளே அது குறைவு, உள்ளே எதிர்மின். ஆனால் சவ்வு அதை விடாது. ஒரே ஒரு வாசல்தான், அங்கே சுக்ரோஸ் கடத்தும் புரதம் நிற்கிறது. அதன் சட்டம்: ஒரு புரோட்டானும் ஒரு சுக்ரோஸும் ஜோடியாக வந்தால் மட்டுமே கதவு திரும்பும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்குள் போயிருந்தால் தெரியும். நீங்கள் நடக்கவே வேண்டாம், பின்னால் வருகிற கூட்டம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சுக்ரோஸின் நிலைமை அதுதான். ஆனால் உவமை இதற்குமேல் தாங்காது. ஆற்றில் ஜோடிச் சட்டமெல்லாம் கிடையாது.

இந்த இழுவிசை போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஎச் வித்தியாசம் ஒன்றரை. ஒரு பிஎச்சுக்குச் சுமார் 60 மில்லிவோல்ட் என்று வைத்தால் 90. மின்னழுத்தம் 150. கூட்டினால் 240. பத்து மடங்கு ஏற்றத்துக்கு 60 மில்லிவோல்ட் தேவை. 240ஐ 60ஆல் வகுத்தால் நான்கு. அதாவது பத்தின் நான்கு அடுக்கு, பத்தாயிரம் மடங்கு வரை ஏற்றும் வலு, காகிதக் கணக்கில், இந்த ஏற்பாட்டுக்கு இருக்கிறது. நிஜத்தில் செடிக்குத் தேவைப்படுவது அதில் ஒரு சிறு பகுதி. அதனால்தான் இலையில் சர்க்கரை குறைந்திருக்கும் நேரத்திலும், ராத்திரியில் மாவுச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கும்போதும், ஏற்றம் நிற்பதில்லை.

கூலி எவ்வளவு? ஒரு சுக்ரோஸுக்கு ஒரு புரோட்டான், ஒரு புரோட்டானுக்கு ஒரு ஏடிபி. ஒரு சுக்ரோஸை முழுதாக எரித்தால் சுமார் 60 ஏடிபி கிடைக்கும். அறுபது ரூபாய்ச் சரக்குக்கு ஒரு ரூபாய் ஏற்றுக்கூலி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டைக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு மலிவு என்று புரியும். இறக்குமிடத்தில் தனிச் செலவு, குழாயைப் பராமரிக்கத் தனிச் செலவு உண்டு. அதையெல்லாம் சேர்த்தாலும் கட்டுப்படியாகிற வியாபாரம்தான். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்போம். கரும்பு தன் சரக்கை ஏற்றக் கூலி கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். சர்க்கரை சேர்ந்தால் வேரிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பக்கத்துக் குழாயான சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே வரும், அழுத்தம் கூடும், சர்க்கரையை எடுத்துக்கொள்கிற மறுமுனையில் அழுத்தம் குறையும், சாறு அந்தப் பக்கம் ஓடும். 1930இல் முன்ச் என்ற ஜெர்மானிய வனவியலாளர் விரித்துச் சொன்னது இது. வேகம் மணிக்குச் சுமார் ஒரு மீட்டர். அழுத்தம் பத்து வளிமண்டலம் அளவில். உங்கள் வீட்டு டூவீலர் டயரைப்போல நான்கைந்து மடங்கு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றத்தான் மோட்டார். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும். இங்கேயும் மோட்டார் ஏற்றுமிடத்தில்தான். ஓடும் வழியில் பெரிதாகச் செலவில்லை. இதை நம்ப மறுத்தவர்கள் ஒரு காலத்தில் நிறைய. சர்க்கரைக் கிழங்கின் இலைக்காம்பை மட்டும் ஒரு டிகிரிக்குக் குளிர வைத்துப் பார்த்தார்கள். ஓட்டம் கொஞ்ச நேரம் தடுமாறியது, சில மணி நேரத்தில் பழையபடி ஓடத் தொடங்கியது. வழியில் உயிர்ச்செயல் ஏதாவது சர்க்கரையைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தக் குளிரில் படுத்திருக்க வேண்டும்.

இனி, இதெல்லாம் ஊகமில்லை என்று எப்படித் தெரியும் என்பது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசல்காரப் புரதத்தை 1992இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள், அதுவும் ஈஸ்ட்டை வைத்து. ஈஸ்ட் சாதாரணமாகச் சுக்ரோஸைத் தனக்கு வெளியிலேயே உடைத்துத்தான் தின்னும். அந்த வெளிநொதி இல்லாத, ஆனால் சுக்ரோஸ் உள்ளே வந்தால் உடைக்கக்கூடிய ஒரு ஈஸ்ட்டைத் தயார் செய்தார்கள். சுக்ரோஸ் மட்டுமே சாப்பாடு. பட்டினிதான். அப்புறம் பசலைக்கீரை வகையொன்றின் மரபணுத் துண்டுகளை ஆளுக்கொன்றாக அந்த ஈஸ்ட்டுகளுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டு வளர்ந்த ஈஸ்ட்டில் எந்தத் துண்டு இருந்ததோ, அதுதான் சுக்ரோஸை உள்ளே கொண்டுவரும் புரதத்தின் மரபணு. வாசல்காரனை ஆயிரம் பேருக்கு நடுவில் அடையாளம் காண இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

அடுத்து, அந்த மரபணுவை உருளைக்கிழங்கில் அடக்கிப் பார்த்தார்கள். இலைகளில் சர்க்கரையும் மாவுச்சத்தும் வெளியேற வழியில்லாமல் குவிந்தன, கிழங்கு விளைச்சல் விழுந்தது. மக்காச்சோளத்தில் இதே வாசல் கெட்டுப்போன செடிகள் குட்டையாக, மஞ்சளும் செம்மையும் பாய்ந்த இலைகளோடு நின்றன. இலை பட்டினியால் மஞ்சளாகவில்லை, அஜீரணத்தால் மஞ்சளானது.

மூன்றாவது சாட்சி இன்னும் தெளிவானது. சுக்ரோஸை உடைக்கும் ஈஸ்ட் நொதியைப் புகையிலையின் செல்சுவர் வெளியில் மட்டும் இருக்கும்படி வைத்தார்கள். சுக்ரோஸ் அந்த வெளிக்கு வராமலே குழாய்க்குள் போவதாக இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இலையில் சர்க்கரை தேங்கி, வெளுத்து, செடி குட்டையானது. ஆக சரக்கு அந்த வெளியைக் கடந்துதான் போகிறது. வழியில் கொள்ளைக்காரனை நிறுத்தியதும் போக்குவரத்து நின்றுவிட்டது.

ஒரு சின்னப் புதிரும் உண்டு. உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் இந்த வாசல் துணைச் செல்லில் இல்லை, சல்லடைக் குழாயின் சவ்விலேயே இருக்கிறது. உட்கருவே இல்லாத செல்லில் புரதம் எப்படி வந்தது? துணைச் செல் தயாரித்து வாய்க்கால் வழியாக அனுப்புகிறது. நல்ல பக்கத்து வீடு அமைவதும் ஒரு கொடுப்பினைதான்.

எல்லாச் செடியும் இப்படியா என்றால், இல்லை. பூசணியும் வெள்ளரியும் வேறு தந்திரம் வைத்திருக்கின்றன. சுக்ரோஸ் வாய்க்கால் வழியாகவே துணைச் செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அதோடு இன்னும் ஒன்றிரண்டு சர்க்கரைகளை ஒட்டி ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று பருமனாக்கிவிடுகிறது செடி. பருத்த சர்க்கரையால் வந்த வாய்க்கால் வழியே திரும்ப முடியாது. மீன் கூடுக்குள் புகுந்த மீன் மாதிரி. இங்கேயும் ஆற்றல் செலவுதான், ஆனால் பம்புக்கு அல்ல, ஒட்டுவேலைக்கு. பல மரங்களோ ஏற்றத்தையே விட்டுவிட்டன. இலை முழுவதிலும் சர்க்கரையை அதிகமாக வைத்துக்கொண்டு, அது தானாகவே குழாய்க்குள் வழிந்து போகட்டும் என்று இருக்கின்றன.

உங்கள் கரும்பு எந்த ரகம்? மக்காச்சோளத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. 1991இல் கரும்பு இலையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, எந்தச் செல்லுக்கும் எந்தச் செல்லுக்கும் நடுவில் எத்தனை வாய்க்கால் என்று எண்ணினார்கள். மெல்லிய சுவருள்ள சல்லடைக் குழாயையும் அதன் துணைச் செல்லையும் சுற்றி வாய்க்கால் கிட்டத்தட்ட இல்லை. தீவு மாதிரி தனித்து நிற்கின்றன. ஆகவே சரக்கு வெளியே இறங்கி, வாசல்வழி ஏறித்தான் ஆகவேண்டும். நான் மேலே சொன்ன கூலிக் கணக்கு உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஏன் குளுக்கோஸை அனுப்பாமல் சுக்ரோஸை அனுப்புகிறது என்றும் யோசித்திருப்பீர்கள். குளுக்கோஸின் ஒரு முனை வம்புக்கு அலையும், புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தங்கள் வம்பு முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்திருப்பதால் அது சாது. நீண்ட பயணத்துக்குச் சாதுதான் நல்லது.

இவ்வளவு சர்க்கரையை அழுத்தத்தோடு ஒரு குழாயில் வைத்தால் திருடர்கள் வராமல் இருப்பார்களா? தட்டைப்பயறுக் கொடியில் அசுவினி அப்பிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் எறும்புகள் காவல். அசுவினி பெரிதாக உறிஞ்சக்கூட வேண்டாம். ஊசியை இறக்கினால் அழுத்தமே சாற்றை வாய்க்குள் அனுப்பிவிடும். தின்று மிஞ்சிய இனிப்பைப் பின்னால் விடுகிறது, எறும்பு அதற்காக வருகிறது. 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர் இதையே ஆராய்ச்சிக் கருவியாக்கினார்கள். தின்றுகொண்டிருக்கும் அசுவினியின் உடலை வெட்டி எடுத்துவிட்டால், செடியில் குத்தி நிற்கும் ஊசியின் வழியே சுத்தமான சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். மனிதன் செய்த எந்த ஊசியும் அத்தனை நேர்த்தியாக ஒரே ஒரு சல்லடைக் குழாய்க்குள் இறங்கியதில்லை.

நெல்லில் நடக்கும் திருட்டு இன்னும் நுட்பம். பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமி, தன் புரதம் ஒன்றை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவுக்குள் போய், ஸ்வீட் கதவின் மரபணுவுக்கு முன்னால் உள்ள சுவிட்சைப் போடுகிறது. கதவு திறந்து சர்க்கரை வெளியே கொட்டுகிறது, கிருமிக்கு விருந்து. எக்ஸ்ஏ13 என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் எதிர்ப்பு மரபணு வேறொன்றும் இல்லை, சுவிட்ச் மாறிப்போன ஸ்வீட் 11தான். கிருமியின் விரலுக்கு அது அகப்படாது. நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று பயிரிடும் பிபிடி 5204 ரகத்தில் இந்த மரபணுவோடு இன்னும் இரண்டையும் சேர்த்து ஹைதராபாத்தில் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை உருவாக்கினார்கள். ஏற்றுக்கூலி ஆராய்ச்சி எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

மனிதனும் திருடன்தான். பதநீர் என்பது பனம்பாளையின் சல்லடைக் குழாய்ச் சாறு. நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் சுக்ரோஸ். வெட்டுப்பட்ட குழாய், உள்ளே இருக்கும் புரதத்தாலும் காலோஸ் என்ற பிசினாலும் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவுவது ஏன் என்று இப்போது புரியும். அடைபட்ட நுனியைச் சீவித் தள்ளிப் புது வாயைத் திறந்துவிடுகிறார். இதைச் சொல்லித்தர எங்களுக்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது, அவருக்குப் பாளை அரிவாள் போதும்.

கடைசியாக உங்கள் அப்பாவுக்கு உபயோகமான ஒன்று. புரோட்டான் நேர்மின்னூட்டத்தோடு உள்ளே வர வர, செல்லின் எதிர்மின் குறைந்துகொண்டே போகும், இழுவிசை தளரும். பொட்டாசியம் அயனி வெளியே போய் அதைச் சரிக்கட்டுகிறது. பொட்டாஷ் இல்லாவிட்டால் ஏற்றம் மந்தமாகும். இது கரும்பிலேயே பார்க்கப்பட்டது: ஹவாயில் கான்ஸ்டன்ஸ் ஹார்ட் கதிரியக்கக் கார்பனைக் கரும்பிலைக்குக் கொடுத்து அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். பொட்டாசியம் குறைந்த செடியில் சர்க்கரை இலையைவிட்டுக் கிளம்புவது மந்தப்பட்டதை 1969இல் எழுதினார். நம் பக்கம் யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் பொட்டாஷுக்குக் கை சுருங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோகை கருகரு என்று இருக்கும், ஆலையில் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவு, வராது. மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள், கண்மூடித்தனமாகப் போடவும் வேண்டாம்.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். ஆலை ஆட்கள் வெட்டு உத்தரவுக்கு முன்னால் கையில் கொண்டுவரும், சாற்றின் சர்க்கரையை அளக்கிற பிரிக்ஸ் மீட்டரை ஐந்து நிமிஷம் கடன் கேளுங்கள். ஒரே கரும்பில் அடிக்கணுச் சாற்றையும் நுனிக்கணுச் சாற்றையும் வைத்துப் பாருங்கள். நுனியில் குறைவாக இருக்கும், ஏனென்றால் அங்கே இறங்குகிற சர்க்கரை உடனே உடைந்து வளர்ச்சிக்குச் செலவாகிறது. அடிக்கணு வளர்ந்து முடிந்துவிட்டதால் சேமிக்கிறது. இரண்டு அளவும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் கரும்பு முற்றிவிட்டது, உத்தரவைக் கேட்டு வாங்கலாம்.